வாசகர் கேள்வி – பதில்: இளவரசி தெரேசேயின் காகிதக் கட்டுகள்

தெற்கு ஜெர்மனியின் பவேரிய அரச குடும்பத்து இளவரசி தெரேசே (1850–1925) பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. கல்லூரிப் படி ஏறாமலே தாவரவியல், விலங்கியல், இனவியல் மூன்றையும் கற்று, 1888-இல் பிரேசில், 1893-இல் வட அமெரிக்காவும் மெக்சிகோவும், 1898-இல் மேற்குத் தென் அமெரிக்கா என்று போய்வந்த அறிஞர் அவர். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் அவர் விட்டுச்சென்ற கையெழுத்துக் காகிதங்களைப் பற்றியே கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: அரண்மனைப் பெண்ணுக்கு வீடு தேடி ஆசிரியர்கள் வந்திருப்பார்களே. 'தானே கற்றவர்' என்பது மிகையில்லையா?

ப: மிகையில்லை. ஆசிரியர்கள் வந்தார்கள், ஓர் இளவரசிக்கு இவ்வளவு போதும் என்று அன்று நினைத்ததைச் சொல்லிக்கொடுத்தார்கள். அறிவியல் அந்தக் கணக்கில் வராது. பவேரியப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவர்களாகச் சேர்க்கத் தொடங்கியதே 1903-இல்தான். அப்போது தெரேசேவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதற்குள் பவேரிய அறிவியல் அகாதமி அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றிருந்தது (1892). மியூனிக் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டமும் கொடுத்திருந்தது (1897). அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். மாணவியாகச் சேர முடியாத இடத்தில் முனைவராக மதிக்கப்பட்டார் என்றால், இடைப்பட்ட படிப்பு முழுவதும் புத்தகங்களாலும், துறை அறிஞர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்தாலும், களத்தில் கண்ணால் பார்த்ததாலும் வந்தது. ரஷ்யா போகுமுன் ரஷ்ய மொழி, பிரேசில் போகுமுன் போர்த்துக்கீசியம் என்று அந்தந்த நாட்டு மொழியைப் படித்துக்கொண்டுதான் கிளம்புவார்.

கே: காகிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? எல்லாம் ஒரே இடத்திலா?

ப: ஒரே இடத்தில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் கிளம்புகிறவர்கள் பாதி வேலையோடு திரும்புகிறார்கள்.

முதன்மையான கட்டு மியூனிக் நகரில், பவேரிய அரசு நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் இருக்கிறது. அதற்கு 'தெரேசேயானா' என்று பெயர். கோரிக்கைச் சீட்டில் இந்தப் பெயரையும் அதனுடன் வரும் எண்ணையும்தான் எழுத வேண்டும். அடுத்தது அரச குடும்ப ஆவணக் காப்பகம். பவேரிய முதன்மை அரசு ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு. பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் குடும்பத்தின் சொந்தக் கடிதங்கள், குடும்ப விவகாரங்கள் அங்கே. அங்குள்ள சில தொகுதிகளைப் பார்க்கக் குடும்பத் தலைவரின் இசைவு வேண்டும். அது ஒரே நாளில் கிடைக்கிற காரியமில்லை. பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அவர் கொண்டுவந்த பொருள்கள். இனவியல் பொருள்கள் மியூனிக்கின் ஐந்து கண்டங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளன. 2014 வரை அதற்கு வேறு பெயர். பழைய நூல்களில் 'ஃபோல்கர்குண்டே அருங்காட்சியகம்' என்று வருவது இதுவேதான். விலங்கு, தாவர மாதிரிகள் பவேரிய அரசின் இயற்கை அறிவியல் தொகுப்புகளுக்குப் போயின. அருங்காட்சியகப் பதிவேடு பொருளின் எண்ணைச் சொல்லும். அது எப்படிக் கைக்கு வந்தது என்பதற்குக் காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை இரண்டுமே அரைகுறைதான்.

நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் எழுதிய கடிதம் அவரிடம் இருக்காது, பெற்றவரிடம் இருக்கும். தெரேசேயானாவில் பெரும்பாலும் பிறர் அவருக்கு எழுதியதைத்தான் எதிர்பார்க்கலாம். அவர் எழுதியதைத் தேட அந்தந்த அறிஞரின் கட்டுக்குப் போக வேண்டும். ஜெர்மன் மொழி நாடுகளின் தனிநபர் ஆவணங்களுக்குக் 'கலியோப்பே' என்ற கூட்டுப் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் அவர் பெயரை 'எழுதியவர்' என்று ஒருமுறை, 'பெற்றவர்' என்று ஒருமுறை, தனித்தனியாகத் தேடுங்கள்.

கே: பட்டியலில் 'தெரேசே, பவேரியா' என்று தேடினால் 1830-களின் கடிதங்கள் எல்லாம் வருகின்றனவே, எப்படி?

ப: அவை அவருடைய பாட்டியின் கடிதங்கள். ஒரே குடும்பத்தில் மூன்று தெரேசேக்கள் இருந்தார்கள். தேடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

முதலாமவர் சாக்ஸ-ஹில்ட்புர்க்ஹவுசன் தெரேசே (1792–1854), முதலாம் லுட்விக் மன்னரின் மனைவி. 1810 அக்டோபரில் நடந்த அவருடைய திருமணக் கொண்டாட்டத்திலிருந்துதான் மியூனிக்கின் அக்டோபர் விழா தொடங்கியது. நம் தெரேசேவின் அப்பாவைப் பெற்றவர். இரண்டாமவர் மரீ தெரேசே (1849–1919), நம் தெரேசேவின் அண்ணன் மூன்றாம் லுட்விக்கின் மனைவி, பவேரியாவின் கடைசி அரசி. இவரும் தாவரங்களில் ஈடுபாடு கொண்டவர், வயதிலும் ஓராண்டுதான் மூத்தவர். அதனால் வெறும் 'தெரேசே' என்ற கையொப்பத்தோடு, பூச்செடி பற்றி, 1890-களில் எழுதிய ஒரு கடிதம் அண்ணியுடையதாகவும் இருக்கலாம். கையெழுத்தை ஒப்பிடாமல் தீர்மானிக்காதீர்கள். மூன்றாமவர் நம்மவர்: 1850 நவம்பர் 12-இல் பிறந்தவர், ஆட்சிப் பொறுப்பாளர் லூயிட்போல்டின் ஒரே மகள்.

எனவே பெயரோடு பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும் சேர்த்தே தேடுங்கள். அதோடு நின்றுவிடவும் கூடாது. பயணங்களில் அவர் அரச பட்டத்தை விட்டுவிட்டு 'எல்பன் சீமாட்டி' என்ற பெயரில், ஒரு தோழி, ஒரு துணைவர், ஒரு பணியாள் என்ற சிறு குழுவோடு போனார். கப்பல் பயணிகள் பட்டியல், விடுதிக் கணக்கு, உள்ளூர்ச் செய்தித்தாள் ஆகியவற்றில் 'இளவரசி' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எல்பன் என்று தேடுங்கள். நூலாசிரியராக அவர் வைத்துக்கொண்ட பெயர் 'தெ. ஃபொன் பையர்'. பழைய நூலகப் பட்டியல்களில் அந்தப் பெயர் தனி ஆளாகவே பதிவாகியிருக்கக்கூடும்.

அவருக்கு வந்த கடிதங்களை உறையிலும் விளிப்பிலும் வரும் ஐ.கே.ஹெச். என்ற மூன்றெழுத்தை வைத்து அடையாளம் காணலாம். 'மேதகு அரச இளவரசியார்' என்பதன் ஜெர்மன் சுருக்கம். எஸ்.கே.ஹெச். என்று இருந்தால் அது ஆண்பாலுக்கு உரியது. அப்பாவுக்கோ சகோதரர்களுக்கோ வந்த கடிதம் கட்டு மாறிக் கலந்திருக்கலாம்.

கே: எனக்கு ஜெர்மன் நன்றாகவே படிக்கத் தெரியும். ஆனால் அந்தக் காலக் கையெழுத்தில் ஒரு சொல்லும் புரியவில்லை. என்ன செய்வது?

ப: மொழியறிவு போதாது, எழுத்து வடிவத்தைத் தனியாகக் கற்க வேண்டும். அந்தத் தலைமுறையின் கையெழுத்துக்குக் 'குரெண்ட்' என்று பெயர். பலர் 'சுட்டர்லின்' பாடப்புத்தகத்தை வாங்கிப் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள். சுட்டர்லின் 1911-இல்தான் உருவாக்கப்பட்டது, பள்ளிக் குழந்தைகளுக்காக. 1850-இல் பிறந்தவர் கற்ற எழுத்து அதுவல்ல. எழுத்துகளின் அடிப்படை ஒன்றுதான் என்றாலும், குரெண்ட் அதிகம் சாய்ந்து, கூராக, வேகமாக ஓடும்.

கண் முதலில் பழக வேண்டியவை சில. குரெண்டில் ஈ (e) எழுத்து நமக்குத் தெரிந்த ரோமன் வடிவத்தில் இராது. அடுத்தடுத்த இரண்டு சிறு கோடுகளாக, என் (n) எழுத்தைப் போலவே இருக்கும். யூ (u) எழுத்தும் அதே இரண்டு கோடுதான். பிரித்துக்காட்ட மேலே ஒரு சிறு வளைவு போட்டிருப்பார்கள். அந்த வளைவைத் தேடிப் பிடித்தால் சொல்லின் பாதி திறந்துவிடும். எம் (m) அல்லது என் (n) எழுத்தின் மேல் நேர்கோடு இருந்தால் அது அலங்காரமில்லை, அந்த எழுத்தை இரட்டிக்க வேண்டும். ஹெச் (h) மேலும் கீழும் சுழி போட்டு நீளும். எஸ் (s) சொல்லின் நடுவில் ஒரு வடிவம், இறுதியில் வேறு வடிவம். சொல்லின் கடைசியில் பேனா கீழே இழுத்துவிட்ட சுழிப்பு இருந்தால், அது பெரும்பாலும் விழுங்கப்பட்ட விகுதி.

இன்னொரு வசதியும் உண்டு. குரெண்டில் எழுதுகிறவர்கள் லத்தீன் இனப்பெயர், அயல்நாட்டு ஊர்ப்பெயர், ஆள்பெயர் வரும்போது சாதாரண ரோமன் எழுத்துக்கு மாறிவிடுவது வழக்கம். எனவே பக்கத்தை மேலிருந்து வாசிக்காதீர்கள். முதலில் ரோமன் எழுத்தில் உள்ள சொற்களை மட்டும் பொறுக்குங்கள். ஒரு பறவையின் பெயர், ஓர் ஆற்றின் பெயர், ஒரு தேதி கிடைத்தால், அச்சான பயண நூலில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பிரேசில் பயண நூல் 1897-இலும், மேற்குத் தென் அமெரிக்கப் பயண நூல் இரண்டு தொகுதிகளாக 1908-இலும் பெர்லினில் வெளிவந்தன. அச்சுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே நாளின் கையெழுத்துப் பக்கத்தைப் படியுங்கள். எழுத்தைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. எந்தச் சொல் வரக்கூடும் என்று முன்பே தெரிவதால் கண் வேகமாகப் பழகும்.

'டிரான்ஸ்கிரிபஸ்' போன்ற கையெழுத்து வாசிப்பு மென்பொருள் உதவுமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உதவும். ஜெர்மன் குரெண்டுக்குப் பொது மாதிரிகள் அதில் தயாராக உள்ளன. ஒருவருடைய கைக்கென்றே தனி மாதிரி பயிற்றுவிக்க வேண்டுமானால், நீங்கள் பிழையின்றிப் பெயர்த்தெழுதிய 50 முதல் 75 பக்கங்கள் வேண்டும். எழுத்துப் பிழை நூற்றுக்கு ஐந்துக்குள் வந்தால் நல்ல விளைவு. பத்தைத் தாண்டினால் திருத்தும் நேரத்தில் நீங்களே படித்துவிடலாம். மென்பொருள் சறுக்குவது பெரும்பாலும் எழுத்து முறை மாறும் இடத்திலும், பென்சில் மங்கிய இடத்திலும், ஓரத்தில் குறுக்கே எழுதிய இடத்திலும். அறிவியலுக்கு மிகவும் தேவையான இனப்பெயரும் எண்களும் அங்கேதான் இருக்கும் என்பதால், அவற்றைக் கண்ணால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கே: 'ஐந்தாம் தேதி 8பெர்' என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது, அது அக்டோபர். 'ஒக்டோ' என்றால் லத்தீனில் எட்டு. அதனால் 8 என்ற எண்ணைப் போட்டு 'பெர்' என்று முடித்திருக்கிறார்கள். அதேபோல 7பெர் செப்டம்பர், 9பெர் நவம்பர், ரோமன் பத்தும் பெர்ரும் டிசம்பர். இதை ஆகஸ்ட் என்று வைத்தால் பிரேசில் பயணத்தின் வரிசையே குலைந்துவிடும். ஆளை ஒரு நதிக்கரையில் இருந்து எடுத்து வேறு மாகாணத்தில் வைத்துவிடுவீர்கள். 'டி.எம்.' என்று தேதிக்குப் பின் வந்தால் 'இதே மாதம்' என்று பொருள். கடிதத்தின் தலைப்பில் உள்ள மாதத்தையே கொள்ள வேண்டும்.

ரஷ்யாவிலிருந்து வந்த கடிதமென்றால் இன்னொரு திருத்தம் வேண்டும். அங்கே அப்போது ஜூலியன் நாட்காட்டி. 19-ஆம் நூற்றாண்டில் நம் தேதிக்கு 12 நாள் பின்தங்கியது. சிலர் இரண்டு தேதியையும் சாய்கோடு போட்டு எழுதுவார்கள். ஒற்றைத் தேதி மட்டும் இருந்தால் எந்த நாட்காட்டி என்பதை அஞ்சல் முத்திரையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அளவைகளிலும் எச்சரிக்கை தேவை. அந்தக் கால ஜெர்மன் குறிப்புகளில் வெப்பநிலை செல்சியஸிலும் இருக்கும், ரியோமர் என்ற பழைய அளவிலும் இருக்கும். ரியோமரை 1.25-ஆல் பெருக்கினால் செல்சியஸ்: 22 ரியோமர் என்பது 27.5 செல்சியஸ். அமேசான் கரையில் நண்பகலில் 22 டிகிரி என்று படித்துவிட்டு 'குளிர்ச்சியாக இருந்தது' என்று எழுதிவிடக் கூடாது. ஜெர்மன் புவியியல் மைல் 7.42 கிலோமீட்டர், ஆங்கில மைல் இல்லை. பிரேசிலின் 'லெகுவா' சுமார் 6.6 கிலோமீட்டர். அந்நாட்டுப் பணத்தை எழுதும்போது எண்களுக்கு நடுவே டாலர் போன்ற குறி வரும். ஐந்துக்குப் பின் அந்தக் குறியும் மூன்று சுழியும் இருந்தால் ஐந்து மில்ரெய்ஸ், டாலர் அல்ல. ஆயிரம் மில்ரெய்ஸ் ஒரு கோந்தோ.

கே: நாட்குறிப்பும் அச்சு நூலும் முரண்பட்டால் எதை நம்புவது?

ப: எந்தத் தகவல் என்பதைப் பொறுத்தது. நாள், நேரம், வானிலை, யார் உடனிருந்தார் ஆகியவற்றுக்குக் களக் குறிப்பு. இனப்பெயருக்கு அச்சு நூல், ஏனென்றால் நடுவில் துறை வல்லுநர்கள் மாதிரிகளைப் பார்த்து நிர்ணயம் செய்திருக்கிறார்கள். பிரேசில் பயணத்துக்கும் நூலுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். தென் அமெரிக்கப் பயணத்துக்கும் நூலுக்கும் பத்து ஆண்டுகள். களத்தில் 'ஒருவகைப் பல்லி' என்று இருப்பது நூலில் முழு லத்தீன் பெயரோடு வருவது அதனால்தான்.

ஒரு பல்லியையே எடுத்துக்கொள்வோம். 1898 பயணத்தில் சேர்த்த மீன்களையும் ஊர்வனவற்றையும் வியன்னாவின் ஃபிரான்ஸ் ஸ்டைண்டாக்னர் ஆராய்ந்தார். பெருவில் வாழும் ஒரு பல்லிக்கு 1901-இல் அவர் 'த்ரோபிடூரஸ் தெரேசியே' என்று இளவரசியின் பெயரை வைத்தார். இன்று அதன் பேரினம் மாறி 'மைக்ரோலோஃபஸ் தெரேசியே' ஆகிவிட்டது. சிற்றினப் பெயர் அப்படியே நிற்கிறது. இப்படிப்பட்ட ஒரு மாதிரியைக் காகிதத்தோடு இணைக்கும் முறை இதுதான். முதலில் இன்றைய பெயரிலிருந்து மூலப் பெயருக்குப் போங்கள். மூல விவரணையில் இடமும் சேர்த்தவரும் இருக்கும். அந்த இடத்தை 1908 நூலில் தேடினால் பயணத்தில் எந்த நாள் என்பது தெரியும். அந்த நாளோடு களக் குறிப்புக்குப் போங்கள்: எவ்வளவு உயரம், கல்லிலா மணலிலா, யார் பிடித்தது. கடைசியாக அருங்காட்சியகச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சீட்டில் 'பெரு' என்று மட்டும் இருந்தால், அதை ஒரு பள்ளத்தாக்குவரை சுருக்கித் தரக்கூடியது நாட்குறிப்பு மட்டுமே. அதுவே இந்தக் காகிதங்களின் தலையாய பயன் என்பது எங்கள் உறுதியான கருத்து. அரச குடும்பத்து வம்புக்காக இவற்றைப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரியல்காரர்கள் இன்னும் அதிகம் வர வேண்டும்.

மாதிரி கிடைக்காமலும் போகலாம். மியூனிக்கில் விலங்கியல் தொகுப்பு இருந்த பழைய அகாதமிக் கட்டடம் 1944 ஏப்ரலில் குண்டுவீச்சில் அழிந்தது. முன்பே ஊருக்கு வெளியே கொண்டுபோனவை தப்பின, மற்றவை போயின. அப்படி அழிந்திருந்தால் களக் குறிப்புதான் மிஞ்சிய ஒரே சான்று. அதன் மதிப்பு பல மடங்கு கூடுகிறது.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். அனெராய்ட் காற்றழுத்தமானியால் அளந்த உயரங்களை அப்படியே வரைபடத்தில் ஏற்றாதீர்கள். கடல் மட்டத்தருகே பாதரச அழுத்தத்தில் 1 மில்லிமீட்டர் மாற்றம் ஏறத்தாழ 11 மீட்டர் உயரத்துக்குச் சமம். டிடிகாகா ஏரியின் உயரத்தில் (சுமார் 3,810 மீட்டர்) அதே 1 மில்லிமீட்டர் 17 மீட்டர் ஆகிவிடும். வானிலையால் அழுத்தம் 5 மில்லிமீட்டர் மாறினாலே கணக்கு எண்பது மீட்டருக்கு மேல் தப்பும். அதனால் ஓர் ஊரின் உயரம் இன்றைய அளவோடு நூறு மீட்டர் பொருந்தாவிட்டால் அது வேறு ஊர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கே: ஏன் அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை?

ப: இரண்டாம் லுட்விக் மன்னரின் தம்பி ஓட்டோமீது அவருக்கு அன்பு இருந்தது. ஓட்டோ மனநோய்க்கு ஆளானார். தெரேசே கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 

கே: நூற்றைம்பது ஆண்டுக் காகிதம் எப்படித் தாங்குகிறது? எது அதைக் கெடுக்கும்?

ப: அந்தத் தலைமுறையின் காகிதம், அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் காகிதத்தைவிட மோசமாகக் கெடும். 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கந்தல் துணிக்குப் பதில் மரக்கூழ் வந்தது. மை பரவாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் காலப்போக்கில் அமிலத்தைத் தரும், அமிலம் நாரைத் துண்டு துண்டாக வெட்டும். மூலையை மடித்தால் ஒடியும் பழுப்புக் காகிதம் இதன் விளைவு. ஒரே கட்டில் நல்ல கடிதத் தாள் வெள்ளையாகவும், செய்தித்தாள் நறுக்கு பழுப்பாகவும் இருக்கும். நறுக்கைப் பிரிக்காமல் விட்டால் அதன் அமிலம் பக்கத்துத் தாளில் கறையாகப் படியும்.

மையும் கெடுக்கும். இரும்பு-கடுக்காய் மையில் இரும்பு சல்பேட் அதிகமாகிவிட்டால் எழுத்தின் பின்பக்கம் பழுப்பு நிழல் தெரியும், பிறகு விரிசல், கடைசியில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகும். இதற்கு ஈரம் எமன். ஈரம் பட்டால் இரும்பு அயனிகள் பக்கத்து நாருக்கும் பரவி அங்கேயும் அரிக்கத் தொடங்கும்.

பென்சில் குறிப்பு ஒளிக்கும் நீருக்கும் அஞ்சாது, உராய்வுக்குத்தான் அஞ்சும். ஆனால் 1870-களிலிருந்து நகல் பென்சில் என்று ஒன்று புழக்கத்தில் இருந்தது. பார்வைக்குச் சாதாரண கரிப் பென்சில் போலச் சாம்பல் நிறம். உள்ளே அனிலின் சாயம். ஒரு துளி நீர் பட்டாலே ஊதாவாகக் கரைந்து ஓடிவிடும். ஆகவே பென்சில்தானே என்று ஈரப் பஞ்சால் தூசி துடைப்பது பெரும் தவறு. உலர்ந்த மென்தூரிகை மட்டும்.

வைப்பறையில் சுமார் 18 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம். எண்ணைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது. எழுத்துக் காகிதத்துக்கு அமிலமற்ற, கால்சியம் கார்பனேட் கலந்த உறை நல்லது. புகைப்படங்களுக்குக் கார்பனேட் கலவாத உறையே தேவை. நீல அச்சுப் படங்கள் காரம் பட்டால் வெளுக்கும். கண்ணாடி நெகடிவ்களை ஒவ்வொன்றாக நான்கு மடிப்பு உறையிலிட்டு நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளவை எடை தாங்காமல் உடையும்.

கடிதத்துக்குள் உலர்ந்த இலையோ இறகோ இருந்தால் வெறுங்கையால் எடுக்காதீர்கள். அக்காலத்தில் தாவரத் தாள்களுக்குப் பாதரச குளோரைடும், பறவைத் தோலுக்கு ஆர்சனிக் சோப்பும் பூசுவது வழக்கம். இரண்டும் இன்றும் நஞ்சுதான். காப்பாளரை அழைத்துவிடுங்கள்.

கே: வாசிப்பறைக்கு முதன்முதலாகப் போகிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும்?

ப: பென்சில், மடிக்கணினி, அளவுகோல், சிறு உருப்பெருக்கி. பேனா உள்ளே வராது. எழுத்துக் காகிதத்தைக் கழுவி உலர்ந்த வெறுங்கையால் தொடுவதே நல்லது. பருத்திக் கையுறையில் விரலின் உணர்வு குறைந்து தாள் கிழியும். புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை. தாள்களின் வரிசை தப்பாகத் தெரிந்தாலும் நீங்களாக மாற்றாதீர்கள், சொல்லிவிட்டு விடுங்கள்.

குறிப்பெடுக்கும்போது கட்டுப் பெயர், எண், தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா என்பதை ஒவ்வொரு மேற்கோளுக்கும் எழுதுங்கள். ஒரு தாளுக்கு ஓர் எண்தான். பின்பக்கத்துக்குத் தனி எண் இராது. பெயர்த்தெழுதும்போது சந்தேகமான சொல்லுக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி போடுங்கள். ஊகத்தை அடையாளமில்லாமல் எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது உறுதியான வாசிப்பாகத் தோன்றும்.

கே: இதுவரை அச்சாகாத பக்கங்களைத் தமிழில் பெயர்த்து வெளியிடலாமா?

ப: ஜெர்மன் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் காப்புரிமை. தெரேசே 1925 செப்டம்பர் 19-இல் லிண்டாவில் இறந்தார். எனவே அவருடைய எழுத்து 1996 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. அச்சான இரு பயண நூல்களையும் தாராளமாகப் பெயர்க்கலாம். அச்சாகாத பக்கங்களில் ஒரு சிக்கல் உண்டு: காப்புரிமை முடிந்தபின் ஒருவர் அதை முதன்முதலாக வெளியிட்டால், அந்த வெளியீட்டாளருக்கு 25 ஆண்டு உரிமை கிடைக்கிறது. ஆகவே நீங்கள் எடுத்த பகுதியை அண்மையில் யாராவது பதிப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறர் அவருக்கு எழுதிய கடிதங்களில் அந்தந்த எழுத்தாளரின் இறப்பு ஆண்டுதான் கணக்கு. 1960-இல் இறந்தவரின் கடிதம் 2030 முடியும்வரை காப்பில் இருக்கும். காப்பகத்தின் பார்வை அனுமதி என்பது வெளியீட்டு அனுமதி அல்ல.

கே: ஓர் ஐரோப்பிய இளவரசி பழங்குடிகளைப் பற்றி எழுதியதை இன்று ஏன் படிக்க வேண்டும்?

ப: நியாயமான கேள்வி. பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1888 மே 13. அதே ஆண்டு அவர் அங்கே பயணம் செய்தார். ரியோ டோசே ஆற்றங்கரையில், அன்று 'போட்டோகூடோ' என்று வெளியார் அழைத்த மக்களைச் சந்தித்தார். அவர்களின் வழிவந்தோர் இன்று தங்களைக் க்ரெனாக் என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவருடைய பார்வை அவருடைய வர்க்கத்தின், காலத்தின் பார்வை. அன்றைய அறிவியல் மக்களை அளந்தது, தரம் பிரித்தது. மனித எச்சங்களையும் சேகரிப்புப் பொருளாக நினைத்தது. அந்தப் பகுதிகளை மழுப்பக் கூடாது. மேற்கோள் காட்டினால் மூலத்தில் உள்ளபடி காட்டுங்கள். மனித எச்சம் பற்றிய பதிவு கண்ணில் பட்டால் இடம், நாள், கட்டு எண் மூன்றையும் குறித்து அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். திருப்பிக் கேட்கும் சமூகத்துக்கு அந்த மூன்றும்தான் ஆதாரம்.

அதே பக்கங்களில் வேறு விஷயங்களும் இருக்கின்றன: ஆற்றின் நிலை, கரையின் காடு, மக்கள் கையாண்ட பொருள்கள், அவற்றின் பெயர்கள். 2015 நவம்பர் 5-இல் சுரங்கக் கழிவு அணை உடைந்து அந்த ரியோ டோசே முழுவதும் சேறு பாய்ந்தது. அந்த ஆறு முன்பு எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு 1888-ன் கண்கூடான பதிவு பயன்படும்.

சொற்களைப் பயன்படுத்துவதானால் ஜெர்மன் காது கேட்டு எழுதியது என்பதை மறக்காதீர்கள். ஜே என்று எழுதியிருந்தால் ஒலி 'ய'. டபிள்யூ என்றால் 'வ'. இசட் என்றால் 'ட்ஸ்'. அதே சொல்லைப் போர்த்துக்கீசியக்காரர் எழுதிய பட்டியலோடு ஒப்பிடும்போது எழுத்தை விட்டுவிட்டு ஒலியை வைத்து ஒப்பிடுங்கள்.